நீண்ட கேபிளுக்கு எந்த டிரான்ஸீவர்?

கடலூர் சிப்காட் ஆலைகளில் கருவிப் பராமரிப்பு பார்த்த காலத்தில், கருவிகள் ஒரு ஜோடிக் கம்பியில் தகவல் பரிமாறும் ஆர்எஸ்-485 இணைப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் உப்புக் காற்றின் மீது பழி போடுவது எங்கள் வழக்கம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். உப்பனாற்றங்கரையில் டெர்மினல் திருகுகளில் பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. ஆனால் ஓர் ஆலையில், பம்பு அறையிலிருந்து கட்டுப்பாட்டு அறைவரை சுமார் 600 மீட்டர் ஓடிய மோட்பஸ் (அந்த இணைப்பில் கருவிகள் பேசும் மொழி) கேபிளில் தகவல் பிழையின்றி வந்துகொண்டிருந்தபோதே, பம்பு அறைப் பக்கம் அதே ட்ரேயில் ஒட்டிக் கிடந்த தொட்டி மட்டமானியின் அளவு மட்டும் விட்டுவிட்டுத் துள்ளியது.

பேனலைத் திறந்தபோது, கேபிளில் தகவலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்ஸீவர் சிப்பாக, மேக்ஸ்487 இருந்த இடத்தில் மேக்ஸ்485 உட்கார்ந்திருந்தது. கால்களின் அமைப்பு ஒன்றுதான் என்பதால் பழுது பார்த்தவர் கையில் கிடைத்ததைப் பொருத்தியிருந்தார். முன்னது விநாடிக்கு 250 கிலோபிட் வரை, பின்னது 2.5 மெகாபிட் வரை தாங்கும். “வேகம் கூடுதல்னா நல்லதுதானே சார்?” என்று அவர் கேட்டதில் வியப்பில்லை.

அந்த இணைப்பு ஓடியது என்னவோ 9600 பாடில்தான், அதாவது விநாடிக்கு 9600 பிட். ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ விநாடி. இரண்டு சிப்புக்கும் அதில் வேறுபாடு இல்லை. வேறுபாடு, மின்னழுத்தம் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவும் அந்த விளிம்பில் இருக்கிறது. மேக்ஸ்485 சுமார் 15 நானோ விநாடியில் தாவிவிடும். மேக்ஸ்487 குறைந்தது 250 நானோ விநாடி எடுத்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே மட்டுப்படுத்தப்பட்டது. கதவை எத்தனை முறை மூடுகிறோம் என்பதைவிட, எப்படி அறைந்து மூடுகிறோம் என்பதே பக்கத்து அறைக்குக் கேட்கிறது. 0.35-ஐ எழுச்சி நேரத்தால், அதாவது அந்தத் தாவலுக்கு ஆகும் நேரத்தால், வகுத்தால், வேகமான சிப்பின் விளிம்பில் 23 மெகாஹெர்ட்ஸ் வரை ஆற்றல் இருப்பது தெரியும். மற்றதில் அது 1.4 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. தகவலை அனுப்பும் சிப்புக்கு அருகில், கேபிள் அதை மழுங்கடிப்பதற்கு முன்பே, பக்கத்துக் கம்பி அந்தத் தாவலை வாங்கிக்கொள்கிறது.

முதன்மைக் கேபிளிலிருந்து கருவிகளுக்குப் பிரியும் கிளைக் கம்பிகளின் கதையும் இதுவே. கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ விநாடி ஆகும் என்பதால், 10 மீட்டர் கிளையின் எதிரொலி திரும்பிவர 100 நானோ விநாடி. வேகமான விளிம்பு அதற்குள் முடிந்திருக்கும். எதிரொலி தனியாக வந்து மோதி அலைவை உண்டாக்கும். மெதுவான விளிம்பில் அந்த எதிரொலி ஏற்றத்துக்குள்ளேயே கரைந்துவிடும். 9600-இல் பிட்டின் நடுவில் மாதிரி எடுப்பதற்குள் அலைவு ஓய்ந்துவிடுவதால்தான் மோட்பஸ் தப்பித்தது. 115200-க்கு ஏற்றினால் பிட்டே 8.7 மைக்ரோ விநாடிதான், அந்த அவகாசம் அங்கே வெகுவாகக் குறைந்துவிடும்.

பழைய வகைச் சிப்பைத் திரும்பப் போட்டதும் மட்டமானி அடங்கியது. இதற்காக கேபிளின் இரு முனைகளிலும் எதிரொலியை அடக்கும் 120 ஓம் மின்தடையோ, ஷீல்டு எர்த்திங்கோ வேண்டாமென்று ஆகிவிடாது. மெதுவான சிப் அவற்றுக்கு ஈடல்ல. அதே ஆலையில் 500 கிலோபிட்டில் ஓடிய வேறொரு இணைப்புக்கு மேக்ஸ்487 ஒத்துவராது என்பதால், அங்கே வேகமான சிப்பையே விட்டுவிட்டுக் கிளைகளைத்தான் வெட்டிக் குறுக்கினோம்.