தம்பியின் ஹம்வீயும் டயருக்குள் இருக்கும் ரப்பர் வளையமும்

டெக்சாஸில் வசிக்கும் என் தம்பி, அமெரிக்க இராணுவம் சேவையிலிருந்து விலக்கி ஏலத்தில் விட்ட ஹம்வீ என்னும் இராணுவ வண்டி ஒன்றைச் சில மாதங்களுக்கு முன்பு வாங்கினான். நம் வீட்டு முற்றத்தில் பழைய டயரை உருட்டி விளையாடிய பிள்ளை அவன் என்பதால், அந்த வண்டியின் படத்தை அனுப்பியபோது எனக்கு வியப்பேதும் ஏற்படவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, நான் இருக்கும் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் இரவு ஒன்பது மணியாகவும் அங்கே காலை பத்தரையாகவும் இருந்த வேளையில், அவன் அழைத்துக் கேட்ட கேள்வி என்னை நெடுநேரம் தூங்கவிடவில்லை. "அண்ணா, டயருக்குள்ள ஒரு பெரிய ரப்பர் வளையம் கிடக்கு. இதைக் கழட்டி எறிஞ்சா என்ன?"

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொள்கலன் தளத்தில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் சில்லுகளைக் கழற்றிப் பூட்டுவதையே 22 ஆண்டுகளாக நான் தொழிலாகச் செய்து வந்ததால்தான் அவன் என்னிடம் கேட்டான். ஹம்வீயை நான் கையால் தொட்டதில்லை. ஆயினும் அதன் சில்லைப் படத்தில் பார்த்த உடனேயே அடையாளம் கண்டுகொண்டேன், ஏனென்றால் அதன் ரிம் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ரிம்மைப் போலவே இரண்டு பாதிகளைச் சேர்த்து, வட்டமாக நட்டுகள் போட்டு இறுக்கியது.

அந்த ரப்பர் வளையத்தை ரன்ஃபிளாட் என்கிறார்கள். டயரைப் பூட்டும்போது அது ரிம்மைச் சுற்றி உள்ளே அமர்கிறது. டயரில் காற்று நிறைந்திருக்கும்போது அது எதையும் தாங்குவதில்லை. குண்டு பட்டோ ஆணி ஏறியோ காற்றுப் போய்விட்டால், ரிம் இறங்கி, தரையைத் தொடும் டயர்ப்பகுதியின் உட்புறத்தில் அந்த வளையம் அமர, வண்டி ஏறத்தாழ 30 மைல், அதாவது 48 கிலோமீற்றர் தூரம், வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடி ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறிவிடலாம். தம்பி போகும் இடத்தில் யாரும் அவனைச் சுடப் போவதில்லை. ஆகவே அவனுடைய கேள்வி நியாயமானதுதான். வளையத்தின் எடை அவனுடைய தராசில் 18 கிலோ காட்டியதாம். நான்கு சில்லுகளுக்கும் கணக்கிட்டால் வளர்ந்த ஓர் ஆளின் எடையை வண்டி எந்நேரமும் சில்லுகளில் சுற்றிக்கொண்டு திரிகிறது. பெருந்தெருவில் 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. போதாததற்கு, அவனுடைய ஊர் டயர் கடைக்காரர் அந்த ரிம்மைப் பார்த்ததும் கைவைக்க மறுத்துவிட்டார்.

மறுத்த அந்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன். 2009ஆம் ஆண்டு எங்கள் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் ஒருவன், சில்லை அச்சிலிருந்து கழற்றும் நட்டு எது, ரிம்மின் இரு பாதிகளையும் பிடித்திருக்கும் நட்டு எது என்று அறியாமல், காற்று நிறைந்திருந்த சில்லில் பிழையான நட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினான். மூன்றாவது நட்டு தளர்ந்தபோது வெளிப்பாதி பறந்து தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. அந்தக் கணத்தில் அவன் நட்டுக் கழற்றும் சாவியை எடுக்கப் பக்கவாட்டில் குனிந்திருந்ததால் உயிர் தப்பினான்; இடது காது மட்டும் இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. கூரையின் அந்த ஓட்டையை நிர்வாகம் பல மாதங்கள் அடைக்காமல் விட்டிருந்தது. மழை நாளில் அதன் கீழே நின்று வேலை செய்தவர்களுள் நானும் ஒருவன்.

எனவே தம்பியிடம் நான் முதலில் சொன்னது வளையத்தைப் பற்றியே அல்ல. வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றி, துளைக்குள் கம்பியை விட்டு அடைப்பில்லை என்று உறுதிசெய்த பின்னரே ரிம் நட்டில் கைவைக்க வேண்டும் என்றும், மீண்டும் காற்று அடிக்கும்போது சில்லை இரும்புக் கூண்டுக்குள் வைக்க வேண்டும் என்றும் அவனிடம் இரண்டு முறை சொல்லி, அவன் வாயாலும் திரும்பச் சொல்ல வைத்தேன்.

வளையத்தைப் பொறுத்தவரை, குண்டு படாத ஊரில் அது வீண் சுமை என்று எண்ணுவதில் இரண்டு விடயங்கள் விடுபட்டுப் போகின்றன. முதலாவது, அந்த வளையம் டயரின் இரு கரைகளுக்கும் நடுவே அகலமாக நின்று, பீட் என்று நாங்கள் சொல்லும் கம்பி விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணலிலோ சேற்றிலோ காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மிலிருந்து நழுவாமல் காப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு வேறெதையும் வைக்காமல் அதே ரிம்மைப் பூட்டினால், தம்பி ஆசைப்படும் ஆற்றங்கரை மணலில் ஒரு திருப்பத்திலேயே டயர் கழன்றுவிடக்கூடும். இரண்டாவது, ஹம்வீயைப் பெரும்பாலும் ஸ்பெயார் சில்லு இல்லாமலே அனுப்பினார்கள். வளையமே ஸ்பெயாரின் வேலையைச் செய்தது. வளையத்தை எறிந்தால், 60 கிலோவைத் தாண்டும் ஒரு முழுச் சில்லையும் அதைத் தூக்கும் ஜாக்கியையும் வண்டியில் ஏற்ற வேண்டும். குறைத்த எடை பின்வாசலால் திரும்பி வந்துவிடும்.

இரு பாதிகளாகப் பிரியாத ஒற்றை ரிம்முக்கு மாறிவிடலாமே என்றும் அவன் கேட்டான். பணம் இருந்தால் அது நல்ல வழிதான், அப்போது ஸ்பெயாரையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று 16 அங்குல டயர்களை அவன் பார்த்து வைத்திருந்ததைக் கேட்டதும் எனக்கு உடல் நடுங்கிவிட்டது. ஹம்வீயின் ரிம் 16.5 அங்குலம். அந்த அரை அங்குல வித்தியாசத்தைக் காற்றடித்துச் சமாளிக்கப் போனவர்களுக்கு டயர் முகத்துக்கு நேரே வெடித்திருக்கிறது.

ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணம் தேடாமல் முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முன் இடது சில்லைக் கழற்றி, நான் சொன்னபடியே காற்றை இறக்கி, ரிம்மைப் பிரித்து, வளையத்தைப் பட்டிகளால் நெரித்து வெளியே எடுத்தான். கைபேசியை டயருக்குள் நீட்டி விளக்கைப் போடச் சொன்னேன். அடியில் தேயிலைத் தூளைப் போலக் கறுப்பு ரப்பர்ப் பொடி குவிந்து கிடந்தது. பக்கச் சுவரின் உட்புறத்தைச் சுற்றி ஒரு வளையமாக ரப்பர் உரிந்து, இழைகள் வெண்மையாகத் தெரிந்தன. வளையத்தின் மேல் பூசியிருக்க வேண்டிய வழுக்குப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. வெளியே பார்த்தால், பூக்கள் என்று நாங்கள் சொல்லும் பள்ள வரிகள் அழியாத, அழகான டயர் அது. யாரோ ஒரு சிப்பாய் எப்போதோ அதைக் காற்றில்லாமல் ஓட்டியிருக்கிறார், வளையம் தன் கடமையைச் செய்திருக்கிறது, அதற்கான விலையை டயர் கொடுத்திருக்கிறது. அந்த டயரை உடனே கத்தியால் கீறி, இனி எவரும் பயன்படுத்த முடியாதபடி செய்யச் சொன்னேன். பிரித்துப் பார்த்த மற்ற மூன்றும் உள்ளே சுத்தமாக இருந்தன.

வளையங்கள் நான்கும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு டயர் புதிதாக வந்தது. எல்லா வளையங்களுக்கும் புதுப் பசை பூசினான். ரிம்மின் இரு பாதிகளுக்கும் நடுவே காற்றுக் கசியாமல் அடைக்கும் மெல்லிய ரப்பர்ப் பட்டியையும் நட்டுகளையும் புதிதாகவே போட்டான். இப்போது 90 கிலோமீற்றரில் நடுக்கம் இல்லை என்கிறான். வளையம் தாங்கிப் பிடிப்பதால் காற்றுக் குறைந்தாலும் ஓட்டுபவருக்கு எளிதில் தெரியாது, ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் காற்றழுத்த மானியால் அளந்து எனக்கு அந்த எண்களை அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு.

நேற்று எண்களோடு ஒரு படமும் வந்தது. எங்கள் தளத்தில் அந்த விபத்துக்குப் பிறகு நாங்கள் செய்ததைப் போலவே, ரிம் நட்டுகள் அனைத்துக்கும் அவன் சிவப்புப் பூச்சு அடித்திருந்தான்.