முள் நடுவில் நிற்கிறது, தண்ணீர் கொதிக்கிறது

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது ஏ.சி. தானாக நின்றது. மே மாதம், பகல் 11.30 மணி, பின் சீட்டில் அக்காவும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும். "மாமா, காத்து சுடுது" என்றான் சின்னவன். மீட்டரில் டெம்பரேச்சர் முள் வழக்கம்போல நடுவில் நின்றது. டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருந்த பழைய போனில், எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் காட்டிய எண் 113 டிகிரி.

அன்றிலிருந்து ஏழு வாரம், பதினெட்டாயிரத்துக்கு மேல் செலவு, நடுவில் ஒரு வீண் சென்னைப் பயணம். கடைசியில் வண்டியை வழிக்குக் கொண்டுவந்தது ஆயிரத்து நூறு ரூபாய்ச் சாமான். வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 2010 ஸ்விஃப்ட் டீசல், 1,248 சி.சி., கம்பெனிக் கணக்கில் 75 குதிரைத்திறன். அதை அப்படியே விட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. போன தீபாவளி போனஸில் ரீமேப் (இழுவை கூட எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது), பம்பருக்குள் பெரிய இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது), கீழ் வாயில் ஒரு எல்.இ.டி. பார், பொடிக் கண் வலை கிரில் என்று வரிசையாக மாட்டினேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். மார்கழி வரை வண்டி அம்பு மாதிரி பறந்தது. மாசி பிறந்ததும் சூடு ஏற ஆரம்பித்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த முள்ளை நம்பாதீர்கள். என் வண்டியில் 82 டிகிரியிலும் முள் நடுவில்தான், 106 டிகிரியிலும் நடுவில்தான். முள் சும்மா சும்மா ஆடினால் ஓட்டுபவர் பயந்துவிடுவார் என்று கம்பெனிகளே அப்படி வைத்திருக்கின்றன. அது மேலே ஏறுவதைப் பார்த்து நிறுத்தினால் பாதி நேரம் தாமதம் ஆகியிருக்கும். தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ப்ளூடூத் ரீடர் இல்லையென்றால் அன்றைக்கு எஞ்சினையே பறிகொடுத்திருப்பேன்.

முதல் மெக்கானிக் ரிசர்வ் பாட்டிலில் குமிழி வருவதைப் பார்த்தார். பானட்டைக்கூட முழுசாகத் தூக்கவில்லை. "தம்பி, ஹெட் கேஸ்கட் போயிருச்சு. இறக்கணும். முப்பத்திரண்டாயிரம் ஆகும்" என்றார். எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது. எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. நல்லவேளை, புதுச்சேரியில் ஒரு நண்பனிடம் பிளாக் டெஸ்டர் இருந்தது. நீல மருந்து ஊற்றிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சினால், எரிந்த புகை தண்ணீரில் கலந்திருக்கும்போது நிறம் மாறும். பத்து நிமிடம் வைத்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸை அழுத்தியும் பார்த்தேன். கேஸ்கட் போன வண்டியில் அது ஓரிரு நிமிடத்திலேயே கல் மாதிரி இறுகும். என்னுடையது மெத்தென்று இருந்தது.

குமிழிக்குக் காரணம் ரேடியேட்டர் மூடி. எப்போதோ யாரோ டூப்ளிகேட் மாட்டியிருக்கிறார்கள். 1.1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி பக்கம் போய்த்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்த மூடி என்றால் 100-ஐத் தாண்டியதுமே கொதி வந்து பாட்டிலுக்குள் தள்ளிவிடும். புது மூடி 350 ரூபாய். கொதி நின்றது, சூடு மட்டும் குறையவில்லை. இதே மூடியை வண்டி சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். துணியைச் சுற்றிக்கொண்டு திறக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். அழுத்தம் இறங்கிய நொடியில் தண்ணீர் ஆவியாகி முகத்துக்கு வரும்.

இரண்டாவது ஆள் இன்னும் பெரிய கில்லாடி. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு சார்? அதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் வெச்சது" என்று சொல்லி, ஹவுசிங்குக்குள் இருந்த வால்வை அறுத்தே எடுத்துவிட்டார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பலன்? மறுநாள் காலை கடலூரிலிருந்து தவளக்குப்பம் வரை எண் 64-ஐத் தாண்டவே இல்லை, வண்டி இழுக்கவும் இல்லை, டீசலைக் குடித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் விட்டதும் பழையபடி 108 டிகிரி. சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவதோடு வால்வு இன்னொரு வேலையும் செய்கிறது. பல எஞ்சின்களில் அது முழுசாகத் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி அடைபடும். வால்வே இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். புது ஹவுசிங் 2,900 ரூபாய். மாட்டுவதற்கு முன்னால் பால் காய்ச்சும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரில் 88 வந்ததும் வால்வு மெல்ல வாயைத் திறந்தது. அந்தப் பாத்திரத்தை அம்மா இன்றுவரை அடுப்பில் ஏற்றவில்லை.

அதே ஆள் ஃபேனுக்கு டைரக்ட் வயர் இழுத்து ஒரு சுவிட்சும் வைத்துக்கொடுத்தார். 1,200 ரூபாய். ஒரு டிகிரி குறையவில்லை. போதாக்குறைக்கு ரேடியேட்டரில் பட்டறை போர் தண்ணீரை ஊற்றியிருந்தார். கடலோரத்து போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், குளித்தால் சோப்பு நுரைக்காது. ஒரு வாரத்தில் பாட்டிலில் பழுப்புக் கறை. டிஸ்டில்டு வாட்டர் கேன் எல்லா பேட்டரிக் கடையிலும் கிடைக்கிறது. பட்டறைக்குப் போகும்போது கையோடு இரண்டு கேன் எடுத்துப் போங்கள். கூலண்ட் வாங்கும்போது ஏற்கெனவே தண்ணீர் கலந்ததா, கலக்க வேண்டியதா என்று பார்த்து வாங்குங்கள். கலந்ததிலேயே மறுபடியும் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிய புத்திசாலி நான்.

இதற்குள் ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வண்டியை எடுக்கப் பயந்து பஸ்ஸில் சென்னைக்குப் போனேன். கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து புதுப்பேட்டை போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தின் படத்தை முந்தின நாளே அனுப்பியிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியை நீட்டினார், 6,800 ரூபாய் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் பெட்ரோல் வண்டி ரேடியேட்டர். ஹோஸ் வாயும் பொருந்தவில்லை, கால் உட்காரும் இடமும் பொருந்தவில்லை. போன் போட்டேன். "ஸ்விஃப்ட்னு சொன்னீங்க, டீசல்னு சொல்லலையே. பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது சார்" என்றார். ஆர்.சி.யில் டீசல் என்று எழுதியிருக்கிறதே என்றேன். போனை வைத்துவிட்டார். கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் பெட்டியின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைச் சரிபாருங்கள், முடிந்தால் பழையதையே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, இருக்கிற ரேடியேட்டரையாவது சுத்தம் செய்வோம் என்று முதுநகரில் ஒரு பழைய ரேடியேட்டர் கடைக்கு ஓட்டிப்போனேன். அந்தக் கால பித்தளை ரேடியேட்டருக்குள் கம்பி (ராடு) விட்டு அடைப்பு எடுத்தே வாழ்ந்த ஒரு பெரியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். என் ராமாயணம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, நிக்கும்போது சூடாகுதா, ஓடும்போது சூடாகுதா?"

"ஓடும்போதுதான் பாய். அரியாங்குப்பம் டிராஃபிக்ல அரை மணி நேரம் நின்னாலும் 97-க்கு மேல போகல. ஃபேன் சுத்தி 92-க்கு இறக்கிடுது. நூறுல போனா எட்டு நிமிஷத்துல 108."

"அப்ப ஃபேனை ஏன் நோண்டுனாங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேகம் 60-ஐத் தாண்டிவிட்டால் எதிர்க்காற்றுதான் ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, ஃபேன் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன், ரிலே, சென்சார் என்று தேட வேண்டும். ஓடும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டமோ காற்று ஓட்டமோ குறைகிறது என்று அர்த்தம். ஏழு வாரமாக இந்த இரண்டு எண்களும் என் போனில் பதிவாகிக்கொண்டேதான் இருந்தன. பார்த்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் ரேடியேட்டரை மேலிருந்து கீழ் வரை, இடமிருந்து வலம் வரை சுட்டுப் பார்த்தோம். உள்ளே அடைப்பு இருந்தால் அந்த இடம் திட்டாகக் குளிர்ந்திருக்கும். அப்படி ஒரு திட்டும் இல்லை. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் இந்தத் துப்பாக்கி கண்டபடி எண் காட்டும். அங்கங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் சுட வேண்டும். கீழ் ஹோஸும் உள்ளே ஒடுங்கிச் சப்பையாகவில்லை. "ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கு, இதைக் கழட்டுனா உன் காசு எனக்குப் பாவம்" என்றார்.

பிறகு பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த சந்தில் கையை விட்டார். முழங்கை வரை போனது. அடுத்த பக்கமும் அப்படியே.

"கை போற இடத்துல காத்து போகாதா தம்பி?"

இன்டர்கூலர் மாட்டியவர்கள் பைப் போக இடம் வேண்டும் என்று ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளை வெட்டி எறிந்திருந்தார்கள். அடியில் இருந்த ட்ரேயைத் திரும்ப மாட்டவே இல்லை. காற்று சுலபமான வழியில்தான் போகும். எதிரே இன்டர்கூலர், ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர் என்று மூன்று சுவர், பக்கத்தில் இரண்டு திறந்த வாசல். வேகம் கூடக் கூட எல்லாம் வாசல் வழியாகவே போய்விட்டது. அடி ட்ரே இல்லாததால் ரேடியேட்டருக்குப் பின்னால் கீழிருந்தும் காற்று ஏறி, முன்னால் வருவதை எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. ரீமேப்பால் டீசல் கூடுதலாக எரிகிறது, சூடும் கூடுதல். அதுவும் சேர்ந்தது. இவ்வளவையும் காசு கொடுத்துச் செய்துகொண்டவன் நானேதான் என்பதால் யாரையும் திட்டவும் முடியவில்லை.

நான் கையெடுத்துக் கும்பிட்டும் பாய் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, சந்துகளை அடைத்து டேப் ஒட்டினேன். மறுநாள் அதே நேரம், அதே சாலை, காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை அதே 100. எண் 101-ல் நின்றது! வண்டிக்குள் தனியாகக் கத்தினேன்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. ஏ.சி. டக்ட்டுக்கு ஒட்டுகிற கறுப்பு ரப்பர் ஃபோம், அலுமினியத் தகடு, ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 640 ரூபாய். சோபாவுக்கு வைக்கும் ஸ்பஞ்சை வைக்காதீர்கள், தண்ணீர் குடித்து ஒரே மழையில் தொங்கிவிடும். அடி ட்ரே பழைய சாமான் கடையில் 450-க்குக் கிடைத்தது. எல்.இ.டி. பாரைக் கழற்றினேன், மனசு வரவில்லைதான். வலை கிரில்லும் போய், பழைய கிரில் வந்தது.

கடைசியாகக் காற்றுப் பூட்டு எடுப்பது, அதாவது தண்ணீர் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. வண்டியின் மூக்கு மேடாக இருக்க வேண்டும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க வேண்டும். கடலூரில் மேட்டுக்கு எங்கே போவது? கேப்பர் மலைக்குத்தான். ஏற்றத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மே மாத வெயிலின் மிச்சத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது பகல் வெயிலில் ஏ.சி.யோடு 100-ல் போனால் 95, 96. லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் 98. நின்றால் 92. அக்கா பிள்ளைகளை ஒரு முறை சென்னையில் கொண்டுபோய் விட்டும் வந்தாயிற்று.

பெட்ரோல் ஸ்விஃப்ட் ரேடியேட்டர் ஒன்று, ஒரே ஒரு தடவை பிரித்த பெட்டியோடு, என் வீட்டுப் பரணில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். பார்ட் நம்பரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.