கிரெனோபிள்: கிண்ணத்தின் அடியில் ஒரு நகரம்

பிரான்ஸ் நாட்டு நகரமான கிரெனோபிளின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 212 மீட்டர்தான். ஆல்ப்ஸின் தலைநகர் என்று பெயரெடுத்த ஊர் என்பதால், பலரும் அதை மலைமேல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது. வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன் என மூன்று மலைத்தொடர்கள் சுற்றி நிற்கின்றன. பெல்தோனின் உச்சி 2,977 மீட்டர். இவற்றுக்கிடையே மூன்று பள்ளத்தாக்குகள் ஒன்றுகூடும் இடத்தில், இசேர், டிராக் என்ற இரண்டு ஆறுகளின் சங்கமத்தை ஒட்டி நகரம் அமைந்திருக்கிறது.

பனியாறு குடைந்த பள்ளத்தில் ஏரி தேங்கியது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் அந்த ஏரியை மெல்ல மெல்ல நிரப்பியது. அதனால்தான் இவ்வளவு மலைகளுக்கு நடுவே தரை மேசைபோலச் சமமாக இருக்கிறது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே அதிகம் இருப்பதற்கும் அது ஒரு காரணம். ஆனால் பல நூறு மீட்டர் ஆழமுள்ள அதே வண்டல், நிலநடுக்கம் வந்தால் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். பிரான்சின் ஐந்து நிலநடுக்க மண்டலங்களில் கிரெனோபிள் நான்காவதில் இருக்கிறது; எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். ஐந்தாவது பிரான்சுக்குச் சொந்தமான கரீபியத் தீவுகளுக்கு மட்டுமே உரியது. புதிய கட்டடங்கள் அதற்கேற்ற விதிகளின்படிதான் எழுப்பப்படுகின்றன. வெள்ளமும் இந்த நிலத்தோடு கூடவே பிறந்த ஆபத்து. 1859 நவம்பர் 2 அன்று இசேர் கரை மீறியபோது தெருக்களில் ஒரு மீட்டருக்கும் மேல் தண்ணீர் நின்றது.

தட்பவெப்பம் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கிரெனோபிள்' என்ற தலைப்பில் வரும் பல அட்டவணைகளின் எண்கள் சேன்-ஜுவார் விமான நிலையத்தில் அளந்தவை. அது நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடமேற்கே, 384 மீட்டர் உயரத்தில், காற்று தடையின்றி வீசும் பியேவர் சமவெளியில் இருக்கிறது. நகரமோ மலைகளுக்குள் அடைபட்டது. கோடையில் காற்றோட்டம் குறைந்து, கல்லும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடாமல் வைத்திருக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் வீடு எடுப்பவர்கள் அந்த அட்டவணையை நம்பி மேற்குப் பார்த்த மாடிவீட்டை எடுத்துவிடக் கூடாது. சன்னலுக்கு வெளிப்புற அடைப்பு இருக்கிறதா, இரு பக்கமும் காற்று போய்வர வழி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

குளிர்காலத்தில் கதை தலைகீழ். வழக்கமாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஆனால் காற்று அசையாத, மேகமற்ற இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே பனிமூட்டம், மேலே வெயில். வாகனப் புகையும் விறகு அடுப்புப் புகையும் மூடிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். குளிர்கால நுண்துகள் மாசில் பெரும்பங்கு விறகுக்குத்தான். சிறு குழந்தைகளோ ஆஸ்துமா நோயாளிகளோ இருக்கும் வீட்டார் அந்த நாட்களில் மாசு அறிவிப்பைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது நல்லது. மூடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, 476 மீட்டர் உயரமுள்ள பஸ்தீல் கோட்டைக்கு ஏறினாலே சில நாட்களில் வெயிலைப் பார்த்துவிடலாம். 1934 முதல் அங்கே கேபிள் கார் ஓடுகிறது.

வெயிலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு கிடைப்பதில்லை. வெர்கோர் சுவரின் அடியில் இருக்கும் ஃபோன்தேன், சேசினே பக்கங்களில் குளிர்காலச் சூரியன் பிற்பகலிலேயே மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். தெற்குப் பார்த்த ஷார்த்ரூஸ் சரிவில் உள்ள கோரான்கில் நல்ல வெயில் கிடைக்கும். வாடகை விசாரிக்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் இந்த ஊருக்குப் பெரும் வரம். டிராக் ஆற்றோரக் கிணறுகளிலிருந்து வரும் குழாய்நீர் சுத்திகரிப்பு எதுவும் தேவைப்படாத அளவுக்குத் தூயது. மலையிலிருந்து விழும் நீர்தான் தொழிலையும் கொண்டுவந்தது. 1869இல் அரிஸ்தீத் பெர்ஜெஸ் என்ற பொறியாளர் அருகிலுள்ள லான்சேயில் உயரத்திலிருந்து குழாயில் இறக்கிய நீரால் காகித ஆலையை இயக்கினார். மலைநீரின் ஆற்றலைக் குறிக்கும் 'வெள்ளை நிலக்கரி' என்ற சொல் பரவியதும் அவரால்தான். பின்னர் தொழிற்சாலைகள் பெருகின. இத்தாலியிலிருந்து, குறிப்பாக அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள கொராத்தோ ஊரிலிருந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குடியேறினார்கள்.

1946இல் 1,02,161ஆக இருந்த மக்கள்தொகை, 1962இல் 1,56,707 ஆனது. 1968 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிய கட்டுமானங்களுக்குப் பின், 1975இல் 1,66,037 என்ற உச்சத்தைத் தொட்டது. 1999இல் அது 1,53,317. இதை வைத்து ஊர் தேய்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. நகராட்சியின் பரப்பு வெறும் 18 சதுர கிலோமீட்டர், கட்ட இடமில்லை. வீடு தேடுகிறவர்கள் எஷிரோல், சேன்-மார்த்தேன்-தேர் போன்ற அண்டை ஊர்களுக்குப் போகிறார்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு நகராட்சி, அந்தப் பக்கம் இன்னொன்று. கண்ணுக்கு ஒரே ஊர். 49 நகராட்சிகள் சேர்ந்த பெருநகர அமைப்பில் சுமார் 4,50,000 பேர் வாழ்கிறார்கள். எனவே 'கிரெனோபிள் எவ்வளவு பெரியது' என்று கேட்பவருக்கு, எந்த எல்லைக்குள் எண்ணியது என்பதையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: பிரான்சில் 10,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களில் எல்லா வீட்டையும் ஒரே ஆண்டில் எண்ணுவதில்லை. ஆண்டுதோறும் 8 சதவீத வீடுகளை மாதிரியாக எடுத்து, ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் வெளியாகும் எண் எப்போதும் சில ஆண்டுகள் பின்தங்கியே இருக்கும். படிப்புக்காக இங்கே தங்கியிருக்கும் வயதுவந்த மாணவர்கள் பெற்றோர் ஊரில் அல்ல, இங்கேயே எண்ணப்படுவார்கள். பல்கலைக்கழக நகரமான கிரெனோபிளில் அது சிறிய எண்ணிக்கை அல்ல. ஓராண்டில் சில நூறு பேர் கூடியதையோ குறைந்ததையோ பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் ஒப்பிடுங்கள்.