அந்தப் பக்கத்து நாற்காலி

எங்களுக்குச் சதுரங்கம் சொல்லித் தந்த மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று நமது வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த இரவு, சதுரங்கப் பலகையை எடுத்து நாலே நாலு காய்களை வைத்தேன். இரண்டு ராஜா, ஒரு பிஷப், ஓரத்தில் ஒரு சிப்பாய். நூலகப் பின்வராந்தாவில் அவரிடம் ஆடப் பழகிய எங்கள் கூட்டத்துக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். சிரித்திருப்பார்கள்.

அந்த நாளில் ஓர் அணிப் போட்டி, கடைசிச் சுற்று. மற்ற மூன்று பலகைகளிலும் சேர்த்து ஒன்றரைக்கு ஒன்றரை. நான் வென்றால் கோப்பை. என்னிடம் பிஷப்பும் இரண்டு சிப்பாயும், எதிரியிடம் ஒற்றைச் சிப்பாய். அதை ஒழித்துவிட்டால் வேலை சுலபம் என்று என்னுடையதில் ஒன்றைக் கொடுத்து வெட்டினேன். பின்னால் நின்ற மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆட்டம் நடக்கும்போது அவர் வாய் திறக்கக் கூடாது.

மிஞ்சியது ஓரச் சிப்பாய். கடைசி வரிசைக்குப் போய் அது ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் கறுப்பு. குறுக்காக மட்டுமே நகரும் என் பிஷப்புக்கோ ஆயுசுக்கும் வெள்ளைக் கட்டம்தான். எதிரி ராஜா அந்த மூலையில் போய்க் குந்திக்கொண்டால் உலக சாம்பியனாலும் கிளப்ப முடியாது. எனக்கு அது தெரியாது. தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் அவனுக்கு நகர இடமில்லாமல் செய்து, நானே டிரா ஆக்கினேன்.

மாஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். மறுநாள் அதே நாலு காய்களை வைத்து, எதிரே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை இருத்தி, "வெல்லு பார்ப்பம்" என்றார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அரை மணி நேரம். பையன் மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் ராஜாவை நகர்த்திக்கொண்டே விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "சரி, நாளைக்கு நீ அந்தப் பக்கம் இரு" என்றார் மாஸ்டர்.

நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் பரீட்சை, விசா, விமானம்.

இங்கே கிளப் அணிக்கு மூன்றாம் பலகையில் ஆடுகிறேன். போன குளிர்காலம் ஓர் ஆட்டத்தில் எனக்குத் தோல்வி நிச்சயம். எதிராளியிடம் மூலைக் கட்டத்தைத் தொட முடியாத பிஷப், ஓரச் சிப்பாய் உட்பட இரண்டு சிப்பாய். நான் குதிரையைக் கொடுத்து உள்பக்கச் சிப்பாயை வெட்டிவிட்டு, ராஜாவோடு மூலைக்கு ஓடினேன். மனுசன் இருபது நிமிடம் யோசித்துவிட்டு டிராவுக்குக் கை நீட்டினார். அரைப் புள்ளி.

"யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

"ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன்" என்றேன். மாஸ்டர் அப்போது உயிரோடுதான் இருந்தார்.