கிராமி வாங்கியது வேறு, எனக்குப் பிடித்தது வேறு

இந்திய இசையையும் மேற்கத்திய இசையையும் கலந்து வாசிக்கும் சக்தி என்ற ஃப்யூஷன் குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் 2024இல் கிராமி வாங்கியபோது ஆளாளுக்கு லிங்க் அனுப்பித் தள்ளினார்கள். நல்ல ஆல்பம்தான், சங்கர் மகாதேவன் பாட்டிலோ கணேஷ் ராஜகோபாலன் வயலினிலோ குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் துடைத்து அடுக்கிவைத்த ஷோகேஸ் மாதிரி இருக்கிறது. நான் திரும்பத் திரும்பக் கேட்பது அவர்களுடைய முதல் ஆல்பத்தைத்தான். 1975 ஜூலையில் அமெரிக்காவில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஆட்களை உட்காரவைத்து வாசித்தது, அடுத்த வருடம் வெளியானது.

அதற்கு முன்னால் சக்தியின் ஆங்கிலேயக் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாலின் நடத்திய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா காதைக் கிழிக்கும் எலெக்ட்ரிக் சத்தம். அந்த மனுஷன் திடீரென்று டிரம்ஸ், பேஸ் எதுவும் இல்லாமல் அக்கூஸ்டிக் கிட்டாரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பழைய ரசிகர்கள் திகைக்காமல் என்ன செய்வார்கள்? எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். ராகவன் அடுத்த ஆல்பத்திலேயே இல்லை, அதனால் இந்த ஐந்து பேர் சேர்க்கை இதோடு சரி. மெக்லாலின் முன்பே கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பதால் இது ஏதோ ஒரு வருடத்து மோகமும் இல்லை.

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் மாமா ஒரு வருடம்கூட விடாமல் சாம்ராஜ்பேட்டை ராமநவமிக் கச்சேரிக்குப் போகிறவர், ஃப்யூஷன் என்றாலே முகம் சுளிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயரைச் சொல்லாமல் அந்த முதல் ஆல்பத்திலிருந்து ‘ஜாய்’ போட்டேன். பதினெட்டு நிமிடம். கிட்டார் ஓட்டத்துக்கு உதட்டைப் பிதுக்கியவர், கடமும் மிருதங்கமும் மாறி மாறிப் பதில் சொல்ல ஆரம்பித்ததும் பேப்பரை மடித்துவைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டார். “இது தனி ஆவர்த்தனம்டா, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம்! நம்ம சபாவுல தனின்னா பாதிப் பேர் காபிக்கு எழுந்து போயிடுவான், அங்க பாரு, கை தட்றான்.”

அந்த எல்.பி. இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 29 நிமிடம். எந்த கம்பெனி இன்றைக்கு அதற்குச் சம்மதிக்கும்?

1997இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று திரும்பி வந்தார்கள், பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், விக்குவின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 2014இல் ஸ்ரீநிவாஸ் காலமானார், 2024 டிசம்பரில் ஜாகிரும். அந்த வாரம் அல்சூரில் மெட்ரோ ஏறி அந்த 29 நிமிடத்தைப் போட்டுக்கொண்டேன், இறங்கவேண்டிய ஸ்டேஷன் போயே போய்விட்டது.