கொலோனோஸ்கோபிக்கு முன் அம்மா பார்த்த வீடியோ

அம்மாவுக்கு மலத்தில் ரத்தம் போவது நிற்கவில்லை என்றதும் ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனையைச் செய்து பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். மருந்துச் சீட்டோடு ஆங்கிலத்தில் ஓர் அச்சுத்தாளும் கொடுத்தார்கள். அம்மா அதை மடித்துப் பையில் வைத்ததோடு சரி. மாலையில் மருத்துவமனையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஒரு நர்ஸ் நிதானமாகத் தமிழில் விளக்குகிறார். எங்களைக் கரைசேர்த்தது அதுதான்.

இந்தப் பரிசோதனையில் பாதி வேலை நோயாளியுடையது. குடல் சுத்தமாகாவிட்டால் குடலின் உட்சுவரில் வளரும் சிறிய பாலிப்கள் (சதை வளர்ச்சிகள்) கண்ணில் படாமல் போகலாம். மறுபடியும் வரச் சொல்லவும் வாய்ப்புண்டு. மருந்துப் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். குமட்டினால் சற்று நிறுத்திவிட்டுத் தொடரலாம், குளிரவைத்தால் சுவை அவ்வளவாகத் தெரியாது என்றெல்லாம் வீடியோவில் சொன்னார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, வரிசையாக வைத்துக் காட்டிய நான்கு கண்ணாடி டம்ளர்கள். முதலாவதில் கலங்கிய பழுப்பு, கடைசியில் சிறுநீர் போன்ற தெளிந்த மஞ்சள். மலம் அந்தக் கடைசி நிறத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறை கழிவறையிலிருந்து வரும்போதும் "இன்னும் இரண்டாவது டம்ளர்தான்" என்று அம்மா கணக்குச் சொன்னார். அச்சுத்தாளை நம்பியிருந்தால் அந்தத் தெளிவு கிடைத்திருக்காது.

ரத்தசோகைக்காகச் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும் அதில்தான் தெரிந்தது. ஆனால் சர்க்கரை மாத்திரை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு இல்லாத நாளில் வழக்கமான அளவில் அதைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை சட்டென இறங்கிவிடக்கூடும். தொலைபேசியில் கேட்ட பிறகுதான் எதை நிறுத்துவது என்று சொன்னார்கள். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் ஊரில் இதை விட்டுவிடலாமா? மருத்துவமனையிலேயே கேட்டேன், வீடியோவில் சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

ஒப்புதல் படிவத்தைக் கட்டிலில் படுத்த பிறகுதான் நீட்டினார்கள். அது எனக்குக் கோபம்தான். சமீரா கோலி என்ற நோயாளி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், முக்கிய ஆபத்துகள், மாற்று வழிகள் ஆகியவற்றை அறிந்து நோயாளி கொடுப்பதுதான் ஒப்புதல், பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல், உயிருக்கு ஆபத்தான அவசரம் தவிர, சிகிச்சைக்குச் செல்லாது. பாலிப் தெரிந்தால் பரிசோதனையின்போதே அதை எடுத்துவிடுவது வழக்கம் என்பதால், முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம். நல்லவேளையாக, குடலில் ஓட்டை விழும் அரிய ஆபத்து உட்பட எல்லாவற்றையும் அம்மா வீட்டிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்திருந்தார். "எடுத்தால் எத்தனை நாள் ரத்தம் கசியும் டாக்டர்?" என்று அவரே கேட்டார். மருத்துவரும் அருகில் நின்று பொறுமையாகப் பதில் சொன்னார். எந்த வீடியோவும் அந்தப் பதிலுக்கு ஈடாகாது. ஆனால் அந்தக் கேள்வி வீடியோவால் வந்தது.

சிறிய பாலிப் ஒன்றை எடுத்துப் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பினார்கள். வயிறு உப்புசமாக இருந்தது; உள்ளே செலுத்திய காற்று வெளியேறச் சற்று நேரமாகும் என்று முன்பே தெரிந்திருந்ததால் அம்மா பதறவில்லை. கடும் வயிற்றுவலி, காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே வரச் சொல்லும் பகுதியை மட்டும் அன்றிரவு அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன்.