அப்பாவின் சவரக்கத்தி

தீட்டுகல்லின் தண்ணீர் கத்தி விளிம்பில் ஏறியபோதுதான் அப்பா வாய் திறந்தார்.

"இப்ப கூர் வருது மகன். அமத்தாத."

மூன்று நாளாக இந்தக் கத்தியோடு மல்லுக்கட்டுகிறேன். கரடான 1000 எண் கல்லில் விளிம்பெடுத்து, வழுவழுப்பான 8000 எண் கல்லில் மெருகேற்றியும் முடியை இழுத்ததே தவிர வெட்டவில்லை. எங்கள் கல்லடி ஊரின் கடற்காற்று வேறு. ஓர் இரவு துடைக்காமல் வைத்தால் துருப்புள்ளி விழுந்துவிடும்.

என் பிழை அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. கத்தியின் முதுகைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தேன். முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படுக்க வேண்டும். முதுகின் தடிப்புத்தான் கூரின் கோணத்தையே வைத்திருக்கிறது.

படுக்கவைத்து, கத்தியின் பாரத்தை மட்டும் விட்டுத் தள்ளினேன். மெல்லிய தண்ணீர் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக விளிம்பில் ஏறியது. கரகரப்பு அடங்கி, பட்டுச்சேலை உரசுவது போல ஒரு சத்தம்.

பிறகு தோல் வாரில் தீட்டினேன். கல்லில் கூர் முன்னே போகும், வாரில் முதுகு முன்னே. மாறினால் வாரும் வெட்டுப்படும், கூரும் போய்விடும்.

கை நடுக்கம் வந்து, அப்பா கத்தி தொட்டு இரண்டு வருடம். ஒரே கத்தியை எறியாமல் வாழ்நாளெல்லாம் தீட்டி வைத்திருந்த மனிதர். அதை வெறும் பழக்கம் என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன்.

இன்று காலை திண்ணையில் கதிரை போட்டு, சவுக்காரம் நுரைத்து, நானே அவருக்குச் சவரம் செய்தேன்.

தாடைக்குக் கீழே போகும்போது என் மூச்சு நின்றிருந்தது.

அவர் கண்ணை மூடியிருந்தார்.